ஏழாம் பக்கத்தின் கடைசி வரி

வானொலியில் இன்றிரவு மறுபடி அந்தப் பதிவு.
அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்,
நோயாளி உறங்கும் அறைக்குள் நுழைபவர்போல:
பியானோ, ஹெர்தா ப்ரியெடிடே.
லீபாயா, பிப்ரவரி, எழுபத்து மூன்று.
என் பெயர் உறையில் இல்லை.
பக்கம் புரட்டுகிறவனுக்குப் பெயர் எதற்கு.

கடைசி டிராம் பணிமனைக்குள் போகும்வரை காத்திருந்தோம்.
தேவாலயத்தைக் கிடங்காக்கி வைத்திருந்த காலம்.
உப்பு மூட்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு
நடுவில் பியானோ, கரையில் இழுத்துப் போட்ட படகுபோல.
அடுப்பு மூட்டக் கூடாது,
விறகு வெடிக்கும் சத்தம் மைக்கில் விழும்.
ஒவ்வொரு முறையும் ஹெர்தா கையுறைகளைக் கழற்றி
என் மடியில் வைப்பார்.
இரண்டும் சூடாக இருக்கும்.

அவருக்கு முழுவதும் மனப்பாடம்.
ஆனாலும் தாள் எதிரே இருக்க வேண்டும்.
எனக்குப் பத்தொன்பது வயது, கால்நடை மருத்துவ மாணவன்.
சுரக்குறிகள் வாசிக்கத் தெரியும்,
சத்தம் போடாத செருப்பு இருந்தது.
தகுதி அவ்வளவுதான்.

ஏழாம் பக்கத்தின் கடைசி வரியில்
இடக்கை இறங்கிக்கொண்டே போகும்,
நிலவறைப் படிகளில் விளக்கில்லாமல் இறங்குவதுபோல.
தலையசைத்தார். புரட்ட வேண்டும்.
அப்போது பார்த்து உப்புத்தூசி மூக்கில் ஏறியது.
தும்மல் வந்தால் யாரோ நினைக்கிறார்களென்று
சில மொழிகளில் சொல்வார்களாம்.
அந்த நேரத்தில் என்னை நினைத்தது உப்பு மட்டுமே.
மூக்கைக் கிள்ளிக்கொண்டேன். கண்ணில் நீர்.
கை எழுவதற்கு அரை நொடி பிந்தியது.

அவர் நின்றார்.
ஒரே ஒரு சுரத்தின் மேல், மிதியை அழுத்தியபடி,
அது தேய்ந்து தேய்ந்து கூரையில் போய்த் தொங்க,
நின்றார்.
தாள் புரண்டது. தொடர்ந்தார்.

ஒலிப்பதிவாளர் குன்வால்டிஸ் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார்.
ஹெர்தா கையுறையை மாட்டிக்கொண்டே,
"போதும், இதுவே இருக்கட்டும்."

பிறகு அந்த அரை நொடிக்கு நேர்ந்தது தனிக் கதை.
சாவின் வாசலில் தயங்கும் கால் என்றது ஒரு பத்திரிகை.
போரில் இழந்த தம்பிக்காக என்றார் இன்னொருவர்;
அவருக்குத் தம்பியே கிடையாது.
ஹெல்சிங்கியில் யாரோ அளந்து ஆய்வேடு எழுதினாராம்.
இந்த வகை இசையில் தாளத்திலிருந்து கொஞ்சம் எடுப்பதை
திருடிய நேரம் என்பார்கள்.
திருடன் இதோ, கையும் களவுமாக,
பீட்ரூட் தோலுரித்துக்கொண்டிருக்கிறான்.

மேல்மாடியில் மதாரா, இசைப்பள்ளி இறுதியாண்டு.
மூன்று வாரமாக அதே இடம்.
அந்த வரி வந்ததும் நிற்கிறாள்,
பதிவில் இருக்கிறபடியே, மயிரிழை பிசகாமல்.
நான் அடக்கிய தும்மலைச் சாதகம் செய்கிறாள்.

போன செவ்வாய், குப்பைத்தொட்டிகளின் பக்கத்தில்,
சொல்லிவிட்டேன்.
சிரிப்பாளென்று நினைத்தேன்.
பால் அட்டையைக் காலால் மிதித்துத் தட்டையாக்கியபடி
"மனப்பாடம் என்றீர்களே," என்றாள்,
"அப்புறம் எதற்குத் தாளுக்காக நின்றார்?"

ஐம்பது வருடமாகக் கேட்கிற பதிவு இது.

வானொலி அந்த வரிக்கு வந்துவிட்டது.
கத்தியைக் கீழே வைக்கிறேன்.
இடக்கை இறங்குகிறது.
காதைப் பெட்டியோடு ஒட்டினால்
இரைச்சலுக்கு அடியில் தாளின் சரசரப்பு. அது நான்.
அதற்குச் சற்று முன்னால்
அவர் மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை.
இழுத்த மூச்சு வெளியே வரவில்லை.
என் கை தானாக மடியைத் தடவுகிறது;
அங்கே பீட்ரூட் தோல், ஈரமாக.

மதாராவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் போலும்.
அவளுடையது புது மாதிரி வானொலி:
கூரை வழியே அதே சுரம்
அரை நொடி பிந்தி
இறங்கி வருகிறது.