பதினொரு தசம் நாலு

களுவாஞ்சிகுடிக் கிளையின் அடகுக் கவுண்டரில்
வெள்ளிக்கிழமை, பத்தரை மணி.
கண்ணாடிக்குக் கீழுள்ள துவாரத்தால்
ஒரு சங்கிலி வந்தது, மறுகா ஒரு கை.
கையைத்தான் முதலில் அறிந்தேன்:
பெருவிரல் நகத்தில் நெடுக்காய் ஓடும் கறுப்புக் கோடு.

ஞானப்பூ மிஸ்.
கடல் வந்து போன வருசம்
விடுதியில் நாற்பத்திரண்டு பேருக்குப் பால்மா அளந்தவர்.
கரண்டியைக் கத்தி முதுகால் வழித்து
மிஞ்சிய தூளைத் திரும்பத் தகரத்துக்குள் தட்டுவார்.
ஒரு ராவு அந்தத் தகரத்துக்குள் கைவிட்டேன்.
விடியும்வரை கிரவலில் முழங்கால்.
"கள்ளக் கைக்குச் சோறு இல்லகா."

இப்போது கேட்கிறார்:
"எவ்வளவு தருவியள் மகள்?"
என்னை அவருக்குத் தெரியவில்லை.

எனக்குள் ஓர் ஆறு வயதுக்காரி இருக்கிறாள்.
அவளுக்கு எவரும் நியமனக் கடிதம் கொடுக்கவில்லை,
அவள் இருக்கும் அறையில் கலண்டர் இல்லை.
தகரம் இன்னும் திறந்தே கிடக்கிறது,
விரலில் மா ஒட்டியிருக்கிறது.
குறை, என்றாள்.
ஒரு கிராம் குறை. ரெண்டு குறை.
கல்லில் அழுத்தி உரை, கரட் இறங்கட்டும்.
ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.
பசியைக்கூட அவள் சொல்லால் சொன்னதில்லை.

உடனே மற்றவர் எழுந்து வந்தார்,
முந்தானையை இடுப்பில் செருகியபடி.
"கள்ளக் கைக்கு..."
அதே குரல்.
கண்ணாடிக்கு அப்பால் நிற்பவருக்கு எழுபது தாண்டியிருக்கும்.
இன்சுலினுக்கோ கூரைத் தகட்டுக்கோ, எதற்கோ காசு வேணும்.
உள்ளே நிற்பவர் நரைக்கவேயில்லை.
அந்தக் கிழவியை ஏமாற்றாதே என்று
அந்தக் கிழவியே என்னை அதட்டுகிறார்.
சிரிப்பு வந்தது, அடக்கினேன்.
அடக்குவதுதான் என் உத்தியோகம்;
மாதம் இருபத்தைந்தில் சம்பளம்.

தராசு நடுங்கி நின்றது.
"பதினொரு தசம் நாலு."
சத்தமாக வாசித்தேன்,
அவர்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

படிவம் நிரப்பினேன். எடை சரி,
கரட் சரி, வட்டி வீதம் சரி.
கையொப்பம் வைக்கக் குனிந்த முகாமையாளர் நிமிர்ந்தார்:
"சுகிர்தமலர், இதென்ன,
அடகு வைக்கிறவர் எண்ட இடத்தில
உங்கட பேர் கிடக்கு?"

வெட்டி எழுத விதியில்லை. கிழித்தேன்.
தெரிந்த பெயரை
அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.
எச்சில் தொட்டு மூன்று தரம் எண்ணினார் மிஸ்.
சரியா என்றேன்.
சரி என்றுகூடச் சொல்லவில்லை,
கைப்பையின் சிப்பை இழுத்துக்கொண்டு
கல்முனை பஸ்ஸுக்கு நடந்தார்.

மத்தியானம் தேநீர் அறையில் நான் மட்டும்.
கோப்பைக்குள் பால்மா
ஒரு கரண்டி, குவித்து.
இன்னொரு கரண்டி, குவித்து.
வெளியே வெயில், மீன் வண்டியின் ஹோர்ன்.
மூன்றாவதற்குக் கை போகையில்தான் கேட்டது,
உள்ளே
யாரோ கத்தியை எடுக்கும் சத்தம்.