காப்பு

ஞாயிறு முடிந்த சொத்தவிளையில்
திங்கள் காலை ஐந்தரைக்கு
என்னையும் நாய்களையும் தவிர யாருமில்லை.
நாய்கள் மீன்தலைக்கு. நான் திருகாணிக்கு.

மஸ்கட்டிலிருந்து மச்சினன் கொண்டுவந்த கருவி.
ஹெட்போன் கெட்டு ஆறு மாதம்;
அது கூவினால் கடற்கரைக்கே கேட்கும்.
மணவாளக்குறிச்சிப் பக்கம் கொண்டுபோக முடியாது,
கருமணலைக் கண்டால் பேய் பிடித்த மாதிரி
நிறுத்தாமல் அலறும்.
இங்கே கொஞ்சம் அடங்கி நடக்கும்.

சோடா மூடி, பாக்குப் பொட்டலத்து வெள்ளித்தாள்,
ஒரு புல்லட் சாவி
(அவன் அன்றைக்கு எப்படி வீடு போனானோ),
இரண்டு ரூபாய், இரண்டு ரூபாய், மறுபடி சோடா மூடி.
நல்ல மாதமென்றால் ஒரு மெட்டி.
தொலைத்தவர்கள் கூப்பிட்டால் மணிக்கு முந்நூறு,
கிடைத்தால் அவர்கள் மனசு.

பெல்சியின் வீட்டார் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.
ஒன்றரைப் பவன் காப்பு, அலையில் கழன்றதாம்.
புருஷன் ஜெபின் முழங்கால்வரை பேண்டை மடக்கி
கடன் வாங்கிய ஆளைப் பார்ப்பதுபோல
கடலைப் பார்த்து நின்றான்.
மாமியார் றோணிக்கம் குடை விரித்து உட்கார்ந்து
"நல்லா பாரு மக்களே" என்றாள்.

இடம் காட்டுகிற சாக்கில் பெல்சி கிட்டே வந்தாள்.
"அண்ணே, காப்பு வேப்பமூட்டுல
அடகுக்கடையில இருக்கு.
நீங்க தேடுங்க."

யாருக்காக வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.
கேட்பதற்கு மணிக்கூலி கிடையாது.
தேடினேன்.
இல்லாததைத் தேடுவது பெரிய வேலை, பாத்துக்கிடுங்க.
இருப்பதைத் தேடுகிறவன்
எங்கேயாவது ஓரிடத்தில் நிறுத்திவிடலாம்.
ஒவ்வொரு கூவலுக்கும் ஜெபின் ஓடி வந்தான்.
ஒவ்வொரு கூவலுக்கும் அவள்
துப்பட்டா நுனியைக் கடித்தாள்.
பொய்யென்று தெரிந்தும் ஏன் கடித்தாளோ.
சோடா மூடி. ஐந்து ரூபாய். சோடா மூடி.

மூன்றாவது மணியில் ஒரு குழந்தைக் கம்மல்,
ஒற்றை. தட்டான் தராசு அசையாது.
"நம்மளது இல்ல" என்றான் ஜெபின்.
"கடல் வட்டி தந்திருக்கு,
முதல் பிறகு வரும்"
என்று முந்தானையில் முடிந்துகொண்டாள் றோணிக்கம்.
தொள்ளாயிரம் ரூபாய். கை கூசியது.
வாங்கினேன்.

பத்து மாதம்.

ஒரு சனிக்கிழமை
என் மொபைல் ரிப்பேர் கடைக்கு வந்தாள்.
உடைந்த போன்களுக்கு நடுவே
செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை வைத்தாள்.
"மீட்டாச்சு. நாளைக்கு வாறோம்.
நீங்க கண்டுபிடிக்கணும்."

அன்று ராத்திரிதான் முதல்முறையாக
எடுக்க அல்ல, வைக்கக் குழி தோண்டினேன்.
எச்சரிக்கைப் பலகையிலிருந்து பதினேழு எட்டு.
ஒரு சாண் ஆழம்.
அலை ஏறாத இடம் என்று பார்த்துத்தான் வைத்தேன்.
எப்படி இங்கே வந்தது என்று கேட்டால்
ஆனி மாசக் கடல் புரட்டிப் போட்டது என்பதாக
ஒரு பதிலும் வைத்திருந்தேன்.
ஆனாலும் உறக்கமில்லை.
ஒவ்வொரு அலையும் ஒன்றரைப் பவன் கனத்தில்
காதில் விழுந்தது.

ஞாயிறு. அதே குடை. அதே மடக்கிய பேண்ட்.
உடனே கிடைத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.
மேற்கே தொடங்கி அரைமணி நேரம்
வெறும் மணலைத் தடவினேன்.
பிறகு பலகையிலிருந்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டு,
பதினைந்து, பதினாறு.
கூவியது.
தங்கத்துக்கென்று அதற்கொரு தாழ்ந்த குரல் உண்டு.
கேளாதவன்போலத் தாண்டி நடந்தேன்,
இன்னொரு சுற்று போய் வரலாமென்று.

"மக்களே"
குடைக்குள்ளிருந்து றோணிக்கம்,
குரலை உயர்த்தாமல்.
"அங்க கூவிச்சே.
முதல எடு.
நடக்கதெல்லாம் பிறகு நடக்கலாம்."