திருநீற்றுப் புதன், ஐஸ் கம்பெனி

பாம்பன் தெற்குவாடி. இரவு ஷிப்ட்.
மாலைப் பூசையில் சாமியார் பூசிய சாம்பல்
வேர்வையில் இறங்கிப் புருவத்தில் நிற்கிறது.

சிலேட்டில் வரிசை:
கொர்னேலியுஸ் போட்டு, முப்பது பார்.
இன்னாசி வல்லம், ஆறு.
அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில்,
லூர்தம்மாள் வீடு, நாலு.

லூர்தம்மாளுக்குப் படகு கிடையாது.
ஒரு மகன் இருந்தான்.
குவைத்திலிருந்து தங்கச்சி வந்து முகம் பார்க்கும்வரை
அவனைக் காக்க வேண்டும்.

போன வாரம் இதே வாசலில்
தோளில் பாரை ஏற்றிக்கொண்டே சண்டை போட்டான்:
"எடை குறையுதுண்ணே, காசக் குறைங்க."

பலகையைத் தூக்கினால் உள்ளே உப்புத்தண்ணீர்.
பூஜ்யத்துக்கும் கீழே பத்து,
உறையாமல், கறுப்பாக, சுற்றிக்கொண்டே இருக்கும்.
அதில்தான் கேன்களை இறக்குவோம்.
கேனுக்குள் நல்ல தண்ணீர்.
இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை,
நடுவே தகரம்.
ஆனாலும் அந்தக் குளிரில்தான்
நல்ல தண்ணீருக்கு ஓர் உருவம் வருகிறது,
ஓர் எடை, நான்கு மூலை.

நாள்களெல்லாம் தீர்ந்தபின்
தொடங்கும் நீளமான நாள்தான் நித்தியம் என்று
மறைக்கல்வி வகுப்பில் நினைத்திருந்தேன்.
பதினெட்டு வருஷம் இந்தத் தொட்டிமேல் நின்றபிறகு
அப்படித் தோன்றவில்லை.
அது இப்போதே சுற்றி நிற்கிறது,
தகரத்துக்கு அந்தப் பக்கம்.

நாலு பாரையும் சாக்கில் சுற்றி
தள்ளுவண்டியில் கொண்டுபோனேன்.
வழி நெடுகச் சொட்டு.
வீடு சேர்வதற்குள் கையளவு போய்விட்டது.
திபூர்சியுஸ்,
நீ சொன்னது சரிதான். எடை குறையுது.

உருகினது வாய்க்கால் வழி கடலுக்குப் போகும்.
உன்னை அப்படிக் கரைந்தவன் என்று
நான் சொல்லமாட்டேன்.
விடியலில் கரையில் கரி மூட்டி, மீன் சுட்டு,
வலை இழுத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார் ஒருவர்.
அன்றைய பாட்டைக்கூட யாரோ எண்ணியிருக்கிறார்கள்:
நூற்றைம்பத்து மூன்று.
மீனுக்கே கணக்கு இருக்கிறது.

லூர்தம்மாள் காசை நீட்டினார்.
கையை மடக்கிவிட்டேன்.
"எத்தனை மணி வரைக்கும்ப்பா தாங்கும்?"

பதினொன்று வரை, என்றேன்.

குனிந்து சாக்கை விலக்கும்போது
புருவத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.
ஐஸின்மேல் சாம்பல் நிறத்தில்
கொஞ்ச தூரம் ஓடியது.