பொடி வைக்காமல்

சிவதாபுரத்தில் எங்கள் சந்துக்கு
மழை பெய்தால் சாக்கடை, வெயிலடித்தால் ஆசிட் வாசம்.
வீட்டுக்கு வீடு கொலுசு.
நான் பற்றவைப்பவள்.
கண்ணிகளின் இடுக்கில் பொடி தூவி
நெருப்பை ஊதினால் வெள்ளி ஒட்டிக்கொள்ளும்.
கடைசியாக முத்து.
பிள்ளை எங்க இருக்குதுன்னு தெரியணுமில்ல
என்று பதினாறு வருடமாகச் சொல்லிவந்தேன்.

எதிர்வீட்டு ஐந்தாம் வகுப்புக்காரி
(பெயரை எழுத மாட்டேன், அது அவளுடையது)
பள்ளி விட்டு வந்து என் வாசலில் குந்தி
கொலுசைக் கழற்றி ஜாமெட்ரி பாக்ஸில் போட்டாள்.
ஏண்டி, கடிக்குதா?
இல்லக்கா. மாடிப்படி ஏறும்போது சத்தம் வேணாம்.

படியின் பாதியில் ஒரு கதவு.
மெருகுப் பட்டறைக்காரர், சீட்டுப் பிடிக்கிறவர்,
எல்லாப் பிள்ளைகளுக்கும் மாமா.

அன்றைக்கு நான் மேலே எதுவும் கேட்கவில்லை.
அரைக்கிலோ வேலை, சாயங்காலம் சேட்டு வருவார்.
பதினொரு நாள் கேட்கவில்லை.
இந்த வரியை எழுதாமல் விட்டால்
மற்ற வரிகளை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

பன்னிரண்டாம் நாள் ஊதுகுழலை வைத்துவிட்டுக் கேட்டேன்.
துண்டுதுண்டாகச் சொன்னாள்.
நடுவில் கணக்கு டீச்சரைப் பற்றி,
அப்புறம் ஒரு பூனையைப் பற்றி,
அப்புறம் மறுபடி அந்தக் கதவு.
நான் அழவில்லை. அழுதால் நிறுத்திவிடுவாள்.
நம்புறேன் சாமி, என்றேன்.
உம்மேல ஒரு தப்பும் இல்ல, என்றேன்.
நடுங்கிய கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவள் அம்மாவும் நானும் போன் போட்டோம்.
பத்து, ஒன்பது, எட்டு.
ராக்கெட் விடும்போது தலைகீழாக எண்ணுவார்களே, அந்த எண்.

பிறகுதான் தெரு பேசியது, பொடி வைத்து.
பொம்பளப் பிள்ள, வெளிய தெரிஞ்சா நாளைக்கு…
கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியட்டும், அப்புறமா…
அவ அம்மா ராத்திரி ஷிப்டுக்குப் போறா, அதான்…
இப்படிப் பொடி வைத்து ஊதினால்
ஒரு குழந்தையின் உதடுகளும் ஒட்டிக்கொள்ளும்.
தொழில் தெரிந்தவள் சொல்கிறேன்.

டிரான்ஸ்பார்மருக்கு அடியில் மகளிர் குழுக் கூட்டம்.
தவணைக் கணக்கு முடிந்ததும்
குமுதவல்லி ஆரம்பித்தாள்:
நம்ம தெரு பேரே கெட்டுப்போச்சு.
சம்பூர்ணம், முப்பது வருடமாக முத்து கோக்கிறவள்,
தவணை தவிர வேறு பேசாதவள்,
நோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:
எனக்கும்.
ஒம்பது வயசு. யாரும் கேக்கல.

மேலே கரண்ட் உறுமிக்கொண்டிருந்தது.
குமுதவல்லி எழுந்துபோய்
சம்பூர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் பெயர் ஸ்டேஷனில் இருக்கிறது,
முழுசாக, அப்பா பெயரோடு.
வழக்குக்கு வாய்தா, வாய்தாவுக்கு வாய்தா.
ஒவ்வொரு தடவையும் அவள் அம்மாவோடு
இரண்டு பேர் முறைவைத்து
அஸ்தம்பட்டிக்கு பஸ் ஏறுகிறோம்.
போகிறவர் கூலியைக் குழு தருகிறது.
சந்தில் இப்போது பையன்களையும் கேட்கிறோம்.
நேற்று ஒருவன் பதில் சொல்ல
ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.
காத்திருந்தேன்.

கொலுசு இன்னும் அவள் பாக்ஸில்தான்.
போடச் சொல்வதில்லை.
எங்கே இருக்கிறாள் என்று தெரியத்தானே முத்து என்றோம்,
யாருக்குத் தெரிய என்று யோசிக்காமல்.

ரப்பர் செருப்போடு
இரண்டிரண்டு படியாக ஏறுகிறாள், தடதடவென்று.
கீழ்வீட்டுக் கைக்குழந்தை தூக்கம் கலைந்து அழுகிறது.
ஏண்டி, மெதுவா, என்று கத்த வந்து
வாயை மூடிக்கொள்கிறாள்
குமுதவல்லி.