நாலு ஐம்பத்தைந்து

நீடாமங்கலத்தில்
ஒரே ஆறு மூன்றாய்ப் பிரியும் தலைப்புக்குக்
கூப்பிடு தூரத்தில் எங்கள் அறுவடை வண்டி ஆபீஸ்.
ஒரு பீரோ, ஒரு லேப்டாப், சுவரில் நாலு சாவி.
மூன்று கிளையும் ஒரே நேரத்தில்
கடலுக்குப் போய்ச் சேருமா என்று
எந்த லஸ்கரும் இதுவரை சொன்னதில்லை.

எங்களிடம் மட்டும் கேட்கிறார்கள்:
"எத்தனை மணிக்கு முடியும்?"
மணிக்கணக்கில் வாடகை.
கேட்பவர்களுக்கு அது கடிகாரக் கேள்வி அல்ல.

அதற்காக ஒரு நிரல் எழுதினேன்.
இருபத்திரண்டு ஏக்கர், நாலு வண்டி,
ஏக்கருக்கு எழுபது நிமிஷம்.
பனி காய்ந்து பத்தரைக்கு இறங்கினால்
மாலை நாலு ஐம்பத்தைந்து.
முதலாளி அருள்தாஸ்
பதினோரு பேருக்கும் போன் போட்டு
அந்த ஐந்தைக்கூட விடாமல் சொன்னார்.

நாலே பத்துக்கு முதல் வண்டி கரையேறியது.
நாலரைக்கு இரண்டாவது.
மூன்றாவது நாலே முக்காலுக்கு.
ஆத்தூர்க்கார ஓட்டுநர்கள் மூவரும்
மதகுக் கட்டையில் உட்கார்ந்து
ஒரே பீடிக்கட்டைக் காலி செய்தார்கள்.
நாலாவது வண்டி
மலர்க்கொடியின் ஆறு மாவுக்குள் இருந்தது.

பிபிடி. படுத்துக் கிடந்தது.
தை மூணாம் நாள் மழை
பாதியைக் கிழக்கே தள்ளியிருந்தது,
மறுநாள் காற்று மீதியை வடக்கே.
எதிர்ப்பக்கமாய் வந்தால்தான் பிளேடு கதிரைத் தூக்கும்.
சாய்ந்த போக்கிலேயே போனால்
தடவிக் கொடுத்துவிட்டு வரும்.
ஆகவே பிச்சமுத்து
ஒரு வரி அறுத்து, வெறுமனே பின்னால் வந்து,
மறுபடி ஒரு வரி.
மாவுக்கு ஒன்றரை மணி நேரம்.

"சும்மா நிக்கிற வண்டியில ஒண்ணை
உள்ள விடுங்களேன்" என்றேன் போனில்.
வேலை முடிந்தவன்
முடியாதவனிடம் பங்கு வாங்கிக்கொள்ளலாம்;
நான் படித்ததில் அப்படித்தான் இருந்தது.
"வாய்க்கால் பலகை ஒண்ணுதான், மேடம்.
இன்னொண்ணு உள்ள வந்தா
எது முன்ன வெளிய போறது?"

ஏழு மணிக்குப் பனி இறங்கியது.
தாள் நமுத்து டிரம்மில் சுற்றிக்கொண்டது.
இரண்டு மாவை அப்படியே விட்டுவிட்டு
விளக்கை அணைத்தார்கள்.
மூன்று வண்டிக்குச் சரியாய்ச் சொன்ன நிரல்
நாலாவதற்குப்
பதினெட்டு மணி நேரம் தவறியது.

மறுநாள் மலர்க்கொடி வந்தார்.
சண்டைக்கு என்று நினைத்தேன்.
"கிழக்கால பாதி, வடக்கால பாதி.
எனக்குத் தெரியுமே."
"சொல்லியிருக்கலாமேக்கா."
"கேட்டீங்களா? ஏக்கர் கேட்டீங்க, ரகம் கேட்டீங்க,
ஆதார் நம்பர்கூடக் கேட்டீங்க."

அன்றிரவே படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன்:
நிற்கிறதா, சாய்ந்ததா, எந்தப் பக்கம்.
வியாழனன்று ஒன்பது பேர் பதிந்தார்கள்.
ஒன்பது பேருமே "நிற்கிறது" என்றார்கள்.
சாய்ந்த வயலுக்கு
வண்டி கடைசியாகத்தான் வரும் என்று
இங்கே யாருக்குத் தெரியாது.

இப்போது விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்
ஒவ்வொரு வயலிலும்
நாலு மூலையையும் எட்டிப் பார்க்கிறேன்.
நடுவயல் எனக்கும் தெரிவதில்லை;
பிளேடு போய்த்தான் பார்க்க வேண்டும்.
"நாலரைக்கும் ஏழரைக்கும் நடுவுல" என்கிறேன்.

அருள்தாஸ் தலையில் அடித்துக்கொள்கிறார்.
"ஏழரைன்னு மட்டும் சொல்லாதம்மா.
எட்டுன்னு சொல்லு."

எட்டு என்று சொல்கிறேன்.
ஏழுக்கே பனி இறங்கிவிடும் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.