துடுப்புச் சாமியின் கோப்பு

உம் டயரிகள் பதினேழு.
கரையான் தின்றது போக, கடலீரம் தின்றது போக
மறைமாவட்ட அலுவலக மாடியறையில்
என் மேசைக்கு வந்து சேர்ந்தவை.
தட்டச்சு செய்து, தேதிவாரியாய் அடுக்கி
ரோமுக்கு அனுப்பவேண்டும்.
மாதம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி எனக்கு,
நீர் புனிதரா என்று பார்ப்பவர்களுக்குத்
தாள் சரிசெய்து கொடுக்க.

முதல் வாரம் ஏமாற்றம்தான்.
ஜெபம் இல்லை. காட்சி இல்லை.
பிரெஞ்சில் தொடங்கி, மூன்றாம் ஆண்டில்
கோணல் தமிழுக்கு மாறிய ஒரே வாக்கியம்:
இன்று தீவுக்குப் போக முடியவில்லை.
பக்கத்தில் காரணம், சிறிதாக.
காற்று.
காய்ச்சல்.
துடுப்பு முறிந்தது.
ஆயர் வந்திருந்தார்.
மறுபடி காற்று.

இடையிலெல்லாம் வெள்ளைத் தாள்.
வாரக்கணக்காய் வெள்ளை.
சோம்பேறிச் சாமி போலிருக்கிறது என்று
கோப்பி ஆற்றிக் குடித்தேன்.

நான்காம் டயரியில்தான் உறைத்தது.
போகாத நாளை மட்டும் எழுதியிருக்கிறீர்.
போன நாளைப் பற்றி
எழுத என்ன இருக்கிறது, சோறு தின்ற நாளை
யார் குறித்துவைக்கிறார்கள்?

விரல் நனைத்து நனைத்து எண்ணினேன்.
பதினேழு ஆண்டில் இருநூற்றுப் பதினொரு வாக்கியம்.
மிச்ச வெள்ளை அத்தனையிலும்
பாயான் லெப்பாஸ் கரையிலிருந்து ஒரு சாம்பான்
ஜெரெஜாக்கை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது,
புண்ணுக்குக் கட்டும் துணியோடு,
கருவாட்டோடு.

வாக்கியம் நீண்ட இடங்கள் இரண்டு.

ஒன்று:
போக முடியவில்லை. காற்று.
நேற்றைய ஆடுபுலி ஆட்டம் பாதியில் கிடக்கிறது.
மாடசாமிக்கு விரல் இல்லை. அவன் புலியையும்
நான்தான் நகர்த்தவேண்டும்.
அவன் ஏமாற்றுவதானாலும்
என் கையால்தான் ஏமாற்றவேண்டும். ஏமாற்றுகிறான்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
மனந்திரும்பியோர் எண்ணிக்கை.
மாடசாமி திரும்பவில்லை.
கூலிக் கப்பலில் கொண்டுவந்த திருநீற்றுப் பொட்டலம்
தீரும்வரை பூசினான். தீர்ந்தபின்
உம்மிடம் கேட்டான்.
வாங்கிப்போனீரா என்று தாள் சொல்லவில்லை.
அந்த வாரம் முழுக்க வெள்ளை.

இரண்டு:
போக முடியவில்லை.
காற்று இல்லை. காய்ச்சல் இல்லை.
படகில் உட்கார்ந்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். மை சிந்தவில்லை,
எழுத்து நடுங்கவில்லை.
'படகு' என்பதை 'பாடகு' என்று
வழக்கம்போலப் பிழையாகவே எழுதியிருக்கிறீர்.
பன்னிரண்டாம் ஆண்டு, ஜூலை, செவ்வாய்க்கிழமை.
அன்று தீவில் எத்தனை பேர்
அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

நானும் அந்தப் பக்கத்தில்
வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.
மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிக் காட்டியது.
புதன், வெள்ளை.
வியாழன், வெள்ளை.

புக்கிட் மெர்தாஜாமில் என் அண்ணன் கித்தேரியான்
வலப்பக்கம் விழுந்து பதினான்கு மாதம்.
பேச்சு போய்விட்டது; என்னைக் கண்டால்
இடக்கை மட்டும் படுக்கையைத் தட்டும்.
என் கைப்பேசி நாட்காட்டியும் வெள்ளைதான், சாமி.
இந்த வெள்ளை வேறு.
காற்று என்றுகூட எழுத முடியாது.

கடைசிக் கட்டம்: அற்புதங்கள்,
சாட்சிகளின் பெயர், முகவரியோடு.
உம்மால் யாரும் எழுந்து நடக்கவில்லை.
யார் விரலும் முளைக்கவில்லை.
என்னென்னவோ தட்டினேன், அழித்தேன்.
வெள்ளையாகவே விட்டு
கையொப்பத்துக்கு அனுப்பினேன்.

திங்களன்று திரும்பி வந்தது,
சிவப்பு மையில்: முழுமையாக இல்லை.

அதற்கு முந்தின சனிக்கிழமை
மழையில் பட்டர்வொர்த் பெர்ரியில் நின்றேன்.
தென்பக்கம் தீவு தெரியும் என்பார்கள்.
தெரியவில்லை, ஒரே மூட்டம்.
பையில் அண்ணனுக்கு வாழைப்பழம் நாலு.
கிளம்பியதை
எங்கும் குறித்துவைக்கவில்லை.