அறிந்தே

ஜாமீனில் வந்த ஆறாம் நாள்
பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினேன்.
கடப்பிதழ் கோர்ட்டில் இருக்கிறது.
இந்தக் கடலைத் தாண்ட மட்டும்
யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கொம்தார் பக்கம் முதல் வக்கீல்.
சுவர் முழுக்க டத்தோக்களோடு அவர் கைகுலுக்கும் படங்கள்.
குற்றப்பத்திரிகையைத் திறக்கவே இல்லை.
"நம்ம பையன், நான் பாத்துக்கிறேன்" என்றார்.
நாற்பத்து மூன்று வயதில் பையன் ஆவது
கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.
லிப்டில் இறங்கும்போது உறைத்தது,
அவர் என் பெயரையே கேட்கவில்லை.

செங்குட்டுவன்.
போலீஸ்கூட மூன்று தடவை கேட்டது,
மூன்று விதமாய் எழுதினாலும்.

லெபோ பிஷப்பில், கடிகாரக் கடைக்கு மேலே
ஊய் சியூ லிங்.
ஒரு ஆள் அகலப் படிக்கட்டு.
மதியம் மூன்று மணிக்குத்தான் பொட்டலம் பிரித்து
மீ சாப்பிட்டபடியே வாசித்தாள்,
ஒவ்வொரு தாளையும் திருப்பி
வெறும் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

கேட்டதெல்லாம் சில்லறைக் கேள்விகள்.
எத்தனை மணிக்குக் கையெழுத்து?
கம்பெனி முத்திரை எந்த மேசையில்?
அந்த இழுப்பறை பூட்டுமா?
சாவி நிஜமாகவே இருந்ததா,
இல்லை இருப்பதாக எல்லோரும் சொன்னார்களா?

நான் தமிழில் நினைத்து மலாயில் சொன்னேன்.
அவள் மலாயில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினாள்.
கட்டணத்தை மட்டும்
ஹொக்கியனில் முணுமுணுத்துக் கூட்டினாள்.
வழியில் எங்கேயோ என் கதை
கொஞ்சம் சிந்தியிருக்கும்.

பாரத்தில் பொம்மை, கன்டெய்னருக்குள் சிகரெட்.
எட்டு மில்லியன் குச்சி என்கிறது சுங்கத்துறை.
"நான் ஒன்றுகூடப் பிடித்ததில்லை, மிஸ்."
"அது எதற்கும் உதவாது" என்றாள்.

பிறகு பேனாவால்
ஒரே ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள்.
அறிந்தே.
"இதுதான் நம் வழக்கு. மற்றதெல்லாம் காகிதம்."

அந்த வட்டத்துக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மாதக் கடைசியில் முதலாளி நீட்டிய அங்பாவ் தெரிந்தது.
முந்நூறு வெள்ளி,
சீனப் பெருநாள் வராத மாதங்களிலும்.
பொம்மைக்கு எதற்கு
ராத்திரி இரண்டு மணிக்கு லோரி என்று
ஒருநாள் கேட்க வாயெடுத்தேன்.
எடுத்த வாயால்
கோப்பியைக் குடித்துவிட்டேன்.

"மிஸ், ஒரு விஷயம்..."
சோப்ஸ்டிக் பிடித்த கையை உயர்த்தினாள்.
"நான் கேட்காததை இன்றைக்குச் சொல்லாதே.
வேறு யாரிடமும் எதையுமே சொல்லாதே.
சுங்கத்துக்காரன் போன் போட்டால் என் நம்பரைக் கொடு.
கூட வேலை பார்த்தவனோடு தே தாரிக் வேண்டாம்.
வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம்.
கோயிலுக்குப் போனால் மனசுக்குள் கும்பிடு."

ஜெயிப்போமா என்று கேட்டேன்.
"தெரியாது" என்றாள்.
"தெரியும் என்கிறவனிடம் போவதானால்
ரசீது மறக்காமல் வாங்கிக்கொள்."

பதினெட்டாயிரம். முதலில் ஆறு, மிச்சம் மாதாமாதம்.
அந்த ஆறும் தவமலரின் கூட்டுப் பணம்.
ஏழாவதாக இருந்தவள்
இந்த மாதக்காரியிடம் கெஞ்சி இடம் மாறி எடுத்தது.
நோட்டுகளை இரண்டு தரம் எண்ணி ரசீது எழுதினாள் லோயர்.
என் முழுப்பெயர், ஒரு எழுத்தும் பிசகாமல்.

திரும்பும் பெர்ரியில் காற்று அதிகம்.
ஆறாயிரம் வெள்ளிக்கு வாங்கியது வாய்ப்பூட்டு.
வாய்க்குத்தான் பூட்டு.
அறியாமல் என்பதற்கும்
அறிய வேண்டாமே என்று இருந்ததற்கும் நடுவே
சட்டம் எத்தனை அடி இடம் விட்டிருக்கிறது?
லோயரிடம் கேட்கவில்லை.
அது அவள் கேட்காத விஷயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
பிறை கிரேன்கள் தெரிந்ததும்
மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

கதவைத் திறந்த தவமலர்
என்ன சொன்னாங்க என்று
கண்ணால்தான் கேட்டாள்.
நான் செருப்பைக் கழற்ற
வெகுநேரம் எடுத்துக்கொண்டேன்.

"பசியாறிட்டீங்களா?"

இதற்கு மட்டும்
லோயரைக் கேட்க வேண்டியதில்லை.
இல்லை என்றேன்.